ஸ்டார்ட்அப் ஆசையா? முதலில் சப்போர்ட் வேலைக்கு அனுப்புங்கள்

திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் (துணி தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை) நடத்தும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்குவேன் என்கிறாள். பெரியப்பாவோ, "அப்படின்னா தொழில்முனைவு எம்.பி.ஏ. படிக்க வை, நாலு பேர் மதிப்பாங்க" என்று 18 லட்சம் கட்டணத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். வீட்டு மனையை ஈடு வைத்துக் கல்விக்கடன் வாங்கலாமா?

உங்கள் பயம் புரிகிறது ஐயா. ஆனால் மனையைத் தொடாதீர்கள். கல்விக்கடனில் படிக்கிறவரை தவணை இல்லையே தவிர, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை வந்து நிற்கும். புதுக் கம்பெனியில் காசு பார்க்கவே முடியாத காலமும் அதுதான். கம்பெனியை மூடிவிட்டு, கிடைத்த வேலையில் சேர்ந்து கடனை அடைப்பாள். பெரியப்பாவுக்கு அக்கறை இருக்கலாம், தவணை கட்டப்போவது அவரில்லை.

நான் சொல்லும் வழியை உறவினர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ, சொந்த மென்பொருள் விற்கும் சின்ன கம்பெனி ஒன்றில் கஸ்டமர் சப்போர்ட் வேலையில் இரண்டு வருடம். "டிகிரி படிச்சுட்டு போன் எடுக்கறதா?" என்பார்கள். கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அதுதான், 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அவரும் எம்.பி.ஏ.தான். ஆனால் கம்பெனி தொடங்கும் முன்பு ஸோஹோ மென்பொருள் கம்பெனியில் ப்ரீசேல்ஸில் (வாங்க வருபவர்களுக்கு மென்பொருளை விளக்கும் வேலை) சேர்ந்து, வாடிக்கையாளர்களோடு பேசி, அங்கே ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் (புகார்களைப் பதிந்து தீர்க்க உதவுவது) வேலை பார்த்துவிட்டுத்தான் தன்னுடைய ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை விற்க வந்தார்.

அந்த நாற்காலியில் என்ன கிடைக்கும்? கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். "ரிப்போர்ட் வரல, அவசரம்" என்று ஒரு டிக்கெட், அதாவது வாடிக்கையாளர் புகார், வருகிறது. தேதி 19. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். பட்டனில் கோளாறே இல்லை, ஆடிட்டர் கேட்கும் வடிவத்தில் அந்த ரிப்போர்ட் இல்லை, அவ்வளவுதான். இதே கேள்வி மாதாமாதம் 19-ஆம் தேதி வருவதை முதலில் பார்ப்பவள் சப்போர்ட்டில் இருக்கும் பெண்தான். எப்படிச் செய்தால் தவறு வருகிறது என்று படிப்படியாக எழுதி டெவலப்பரிடம் கொடுப்பாள். எது இன்றே சரியாக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று வாதாடுவாள். பணம் கட்டியவர் மூன்றாம் மாதம் ஏன் விலகினார், எந்த விலையில் தயங்கினார், இலவசமாகக் கேட்டவர்களில் யார் கடைசிவரை காசு கொடுக்கவே இல்லை என்பதெல்லாம் அவள் காதில் விழும். ஒரு ப்ராடக்ட் டீம் எதைக் கட்ட வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று முடிவெடுப்பது இதை வைத்துத்தான். இதற்கு மாதாமாதம் சம்பளமும் தருவார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்றால் இரவு ஷிப்ட் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பொருளுக்கு போன் எடுக்கும் பிபிஓ வேண்டாம். டெவலப்பர்களும் சப்போர்ட்டும் ஒரே அலுவலகத்தில் இருக்க வேண்டும். நேர்முகத்தில் அவள் கேட்கட்டும்: "ஒருத்தர் கணக்கை மூடினா, ஏன்னு யார் போன் பண்ணிக் கேப்பாங்க?" பதில் தடுமாறினால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. சனிக்கிழமை சம்பளத்துக்காக பீஸ் ரேட் கணக்கை (தைத்த பீஸுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கு) அவள் எக்செல்லில் போட்டுத் தருகிறாள், டைலர்களோடு வரும் தகராறு குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மனம் எதில் ஓடுகிறது என்பது அதிலேயே தெரிகிறது. அதை எம்.பி.ஏ.வுக்குத் திருப்ப உங்களுக்கோ பெரியப்பாவுக்கோ உரிமை இல்லை. அந்தக் கணக்கை லீவு நாட்களில் பக்கத்து யூனிட்டுகள் நாலுக்குக் கொடுக்கட்டும். மாதம் 200 ரூபாயாவது வாங்கச் சொல்லுங்கள், சொந்தக்காரர் யூனிட்டாக இருந்தாலும் சரி. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காசு தராதவரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: இத்தனை காலம் வேலையை விட முடியாது என்ற பாண்ட் இருக்கிறதா, ஓய்வு நேரத்தில் அவள் உருவாக்குவதும் கம்பெனிக்கே சொந்தம் என்று போட்டிருக்கிறதா. அப்படிப் போட்டிருந்தால், பீஸ் ரேட் கணக்கு ஏற்கெனவே தன்னுடையது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடட்டும். பல்கலைக்கழகம் கேட்கும் முன்பணத்தை இந்த வாரம் கட்ட வேண்டாம்.