உணர்ச்சியில்லாத கால்

வாசகர் கேள்வி (சுருக்கமாக): சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த நான், கோலாலம்பூரில் ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறேன். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு). அவருடைய உள்ளங்காலில் இருக்கும் புண்ணின் தோற்றத்தை ஒரு சேலை முந்தானையில் மணிவேலையாகக் கொண்டுவந்திருக்கிறேன். விழிப்புணர்வே என் நோக்கம். புண்ணைப் படம் எடுத்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலில் உணர்ச்சி இல்லாததால், திருப்பி வைத்து எடுத்தும் விழிக்கவில்லை. விரிவுரையாளர் பாராட்டினார். அப்பாவோ, "வீட்டு நோயை மேடையில் காட்டுவதா?" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மகளே, அப்பாவைப் பற்றிப் பிறகு பேசுவோம். "உணர்ச்சி இல்லாததால் விழிக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பெற்றவளின் காலைத் திருப்புகிறாய், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறாய், அவருக்கு அது தெரியவே இல்லை. அது உனக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு வயிறு கலங்குகிறது.

இனிப்பு நீர் முற்றினால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். செருப்பு கடித்தாலும், வெளிக்காட்டில் முள் தைத்தாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்க்கமாட்டார்கள். இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாமல் சீழ் வைத்து எலும்புவரை இறங்கும். விரலில் தொடங்கி முழங்கால்வரை எடுக்க நேர்ந்தவர்களைத் தோட்டத்தில் வளர்ந்த நீயும் பார்த்திருப்பாய். முந்தானையில் எத்தனை நிறத்து மணி என்று அரைப்பக்கம் விவரித்த உன் கடிதத்தில், அந்தப் புண்ணை மருத்துவர் பார்த்தாரா என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

நோயைத் துணியில் கொண்டுவருவது தவறு என்று நான் சொல்லவில்லை. 1951இல் 'பிரிட்டன் விழா' என்ற தேசியக் கண்காட்சிக்காக இன்சுலின் படிகத்தின் வரைபடத்தையே துணியில் அச்சிட்டார்கள். உன் அம்மாவின் நோய்க்கு மருந்தான அதே இன்சுலின். 1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1,920 துணித் துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஓர் ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. அந்த நோயாளிகளைத் தொடவே ஊர் அஞ்சிய காலத்தில், நேசித்தவர்கள் உட்கார்ந்து அவர்களுடைய பெயரைத் தைத்தார்கள். உன் முந்தானையில் புண் இருக்கிறது, அம்மாவைக் காணவில்லை.

உன் அப்பா சொல்வதும் எனக்கு ஏற்புடையதன்று. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மானம் போய்விடும் என்று மூடி மூடி வைத்துத்தான் நம்மவர்கள் காலை இழக்கிறார்கள். ஆனால் அதை வெளியே சொல்லும் உரிமை, நோவைச் சுமப்பவருக்கே முதலில் உண்டு. கணவரும் மகளும் அம்மாவின் காலைப் பற்றி வழக்காடுகிறீர்கள்; அவரை இருவருமே கேட்கவில்லை. பிள்ளை என்பவள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியவள், பிறகுதான் படைப்பாளி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இந்தக் கடிதம் கண்ணில் பட்ட அன்றே ரயில் ஏறி ஊருக்குப் போ. மறுநாள் காலையிலேயே அம்மாவை அரசாங்க கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போ. அடுத்த சந்திப்பு தேதி வரட்டும் என்று காத்திராதே. காயம் கட்டுவதைத் தாதியிடம் கற்றுக்கொள். உள்ளங்காலைத் தினமும் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடு. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதே. பிறகு ஒருநாள், அம்மா விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படத்தைக் காட்டி, எப்போது எடுத்தாய் என்பதையும் மறைக்காமல் சொல்லி, சேலையை அவர் மடியில் விரித்துக் கேள். அவர் வேண்டாம் என்றால், அவர் கண்முன்னே படத்தை அழித்துவிட்டு மணிகளைப் பிரித்துவிடு.