மூன்லைட் சொனாட்டாவை இன்னொரு முறை பதிவு செய்ய வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கே: பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களுக்கும் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) முழுத் தொகுப்புகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. இன்னும் புதிது புதிதாக வருகின்றன. வீண் வேலை இல்லையா?

ப: பதிவு வேறு, மேடை வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை இந்த 32-ஐயும் முதன்முறையாக முழுமையாகப் பதிவு செய்தபோது, முன்கூட்டியே சந்தா வாங்கித்தான் இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம் சொச்சம்தான் அடங்கும் என்பதால் நீண்ட பகுதிகளைத் துண்டு போட வேண்டியிருந்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை. ஒருவர் புதுத் தொகுப்பு வெளியிட்டால் இன்னொருவருடைய இடம் பறிபோவதில்லை; பிடிக்காதவர் கேட்காமல் விடலாம். கச்சேரி அப்படியல்ல. 75 நிமிடத்துக்குள் ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும். வழக்கை அங்கே தொடுங்கள்.

கே: இசைக்குறிப்பு ஒன்றுதானே? பத்துப் பேர் வாசித்தால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

ப: அந்த 32-இல் ஒன்றான மூன்லைட்டின் முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி முழுவதையும் தந்தியை அமுக்கும் அடைப்பான்கள் இல்லாமல், அதாவது ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து காலை எடுக்காமல், வாசிக்கச் சொல்லி பீத்தோவன் எழுதியிருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் அது நடக்கும். இன்றைய கிராண்ட் பியானோவில் அதை அப்படியே செய்தால் நான்கு பாருக்குள் (தாள அளவுக்குள்) எல்லாம் குழம்பிவிடும். ஆகவே சிலர் ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாறும் இடங்களில் பெடலை மாற்றுகிறார்கள், சிலர் பாதி மட்டும் அழுத்துகிறார்கள், சிலர் பழைய வகைப் பியானோவுக்கே போய்விடுகிறார்கள். மூன்றும் மூன்று வேறு இசை.

பீத்தோவனின் இன்னொரு சொனாட்டாவான வால்ட்ஸ்டைனின் கடைசிப் பகுதியிலும் இப்படி ஓர் இடம் உண்டு. மிக வேகமாக ஓடும் முடிவுரையில், மிக மெல்லிய ஒலியில், ஆக்டேவ்களை (ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து) கட்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு போகச் சொல்கிறது குறிப்பு. அன்றைய வியன்னா பியானோவில் கட்டைகள் லேசானவை, ஆழமும் குறைவு. இன்றைய கட்டை கனமானது. விரல் தோல் உரியும், இல்லாவிட்டால் சத்தம் மிஞ்சிவிடும். சிலர் இரண்டு கைக்கும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வேறு சிலர் மணிக்கட்டால் தனித்தனி ஆக்டேவாக அடிப்பதற்காக வேகத்தையே சற்றுத் தளர்த்திவிடுகிறார்கள்.

ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவான டி. 960-இல் (அது அவர் படைப்புப் பட்டியலின் எண்) சிக்கல் வேறு விதம். முதல் பகுதியின் தொடக்கத்தைத் திருப்பி வாசித்தால்தான், திரும்பிப் போவதற்காக அவர் எழுதிய ஒன்பது பார்கள் காதில் விழும். அந்தப் புகழ்பெற்ற ட்ரில் (இரண்டு சுரங்கள் வேகமாக மாறி மாறி அதிர்வது) உரக்க ஒலிப்பது அங்கே மட்டும்தான். பியானோ கலைஞர் ரிக்டர் திருப்பி வாசித்தார்; மிக மெதுவாகப் போனதால் அந்த ஒரு பகுதியே 24 நிமிடத்தைத் தொட்டது. இன்னொரு பியானோ கலைஞரான பிரெண்டல் அந்தப் பார்கள் பொருந்தவில்லை என்று வாதாடி விட்டுவிட்டார். என் வாக்கு ரிக்டருக்கு. ஆனால் இரண்டு பதிவும் இருப்பதால்தான் நாம் கட்சி பிரிந்து சண்டை போடவாவது முடிகிறது.

இந்த மாதிரி எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்காமல், அதே பியானோ, அதே பதிப்பு, அதே வேகம் என்று வரும் நூற்றோராவது பதிவுதான் மிகை.

கே: அப்படியானால் மேடையில் ஏன் சுழன்று சுழன்று அதே படைப்புகள்?

ப: ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிக்கலைஞருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஒத்திகைதான் கிடைக்கும். ராக்மனினாஃபின் இரண்டாவது கான்செர்டோ (தனிக்கலைஞர் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) என்றால் வயலின்காரர்களுக்கே பாதி மனப்பாடம். எங்கே இழுப்பார்கள், எங்கே காத்திருப்பார்கள் என்பது தெரியும். அபூர்வமான கான்செர்டோ என்றால் வாசிப்பவர்கள் முதன்முறையாகப் பார்த்து வாசிக்கிறார்கள். பழைய பிரதிகளில் நடத்துனரின் முழுக் குறிப்பும் தனிவாத்தியத் தாள்களும் ஒத்துப்போகாவிட்டால், “எந்த பார்?” என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் கரையும்.

போட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1927-இல் தொடங்கிய வார்சா பியானோ போட்டியில் ஷோப்பானைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அவர் எழுதிய கான்செர்டோவே இரண்டுதான் என்பதால் இறுதிச்சுற்று எப்படிக் கேட்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மற்றப் போட்டிகளில் எடுபடும் கான்செர்டோக்கள் சாய்கோவ்ஸ்கி முதலாவது, ராக்மனினாஃப் மூன்றாவது, புரோகோஃபியெவ் மூன்றாவது. இருபது வயதில் விரலில் ஏறியதுதான் நாற்பது வயது வரை கச்சேரி நிரலாக ஓடுகிறது.

கே: பெரிய பெயர்களை ஒதுக்கிவிட்டு அறியப்படாதவர்களை வாசித்தால் தீர்ந்துவிடுமா?

ப: முதலில் பெரிய பெயர்களையே முழுதாக வாசிக்கட்டும். பீத்தோவனின் வால்ட்ஸ்டைன், அப்பாசியோனாட்டா என்ற இரண்டு புகழ்பெற்ற சொனாட்டாக்களுக்கும் நடுவில் ஓபஸ் (படைப்பு எண்) 54 என்று ஒரு சொனாட்டா நசுங்கிக் கிடக்கிறது. இரண்டே பகுதி, பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது. பீத்தோவன் எழுதியதிலேயே விசித்திரமானவற்றில் ஒன்று. சாய்கோவ்ஸ்கியின் இரண்டாவது கான்செர்டோவை பியானோ கலைஞர் சிலோட்டி வெட்டித் திருத்திய வடிவில்தான் நெடுங்காலம் வாசித்தார்கள்; மூல வடிவில் நடுப்பகுதி வயலினும் செல்லோவும் முன்னே வந்து பாடும் அற்புதம். துவொர்ஷாக்கின் கான்செர்டோவில் பியானோ பகுதி கைக்கு இசைவாக இல்லை என்று வேறொருவர் மாற்றி எழுதினார். 1976-இல் ரிக்டர், நடத்துனர் கார்லோஸ் கிளைபருடன் மூலத்தையே பதிவு செய்த பிறகுதான் குறை எழுத்தில் மட்டும் இல்லை என்பது புரிந்தது.

அறியப்படாதவர்களில் ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னர் எனக்கு முக்கியமானவர். பதினான்கு சொனாட்டாக்கள் எழுதியவர். 1940-களின் பிற்பகுதியில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பணம் கொடுத்திராவிட்டால் அவர் தம் படைப்புகளை வாசித்த பதிவுகளில் பல நமக்குக் கிடைத்திருக்காது. தம் மூன்றாவது கான்செர்டோவை மெட்னர் அவருக்கே காணிக்கையாக்கினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் அல்கான் வேறு கதை. 1857-இல் வெளியான ஓபஸ் 39-இல், ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் ஒற்றைப் பியானோவுக்கு எழுதிய கான்செர்டோவின் முதல் பகுதியே அரை மணி நேரத்தை நெருங்கும். அதை யாரும் ஒடுக்கவில்லை; வாசிக்கத் தெம்புள்ளவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

எல்லாமே புதையல் என்றும் நினைக்க வேண்டாம். ஹைபீரியன் இசைப்பதிவு நிறுவனம் 1991-இல் தொடங்கிய ரொமான்டிக் கான்செர்டோ வரிசை எண்பது தொகுதிகளைத் தாண்டியது. அதில் ஒருமுறை கேட்டு மூடி வைக்க வேண்டியவையும் கணிசம்.

கே: தனிக்கச்சேரிக்கு நிரல் தயாரிக்கிறேன். அறியாத படைப்பை எங்கே வைப்பது?

ப: முதலிலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். தொடக்கத்தில் அவையும் அமைதியாகியிருக்காது, விரலும் சூடேறியிருக்காது. முதல் பாதியில் இரண்டாவதாக, 12 முதல் 15 நிமிடத்துக்குள் ஒன்றை வையுங்கள். பக்கத்தில் அதன் உறவுக்காரர் இருக்கட்டும். ஜான் ஃபீல்டின் முதல் நாக்டர்ன் (இரவின் அமைதியைப் பாடும் குறும்படைப்பு) ஈ-ஃபிளாட் சுருதியில் இருக்கிறது. முடிந்ததும் கைதட்டலுக்கு இடம் விடாமல் ஷோப்பானின் நாக்டர்னான ஓபஸ் 9 எண் 2-க்குப் போனால், அதே சுருதியில் யார் யாருடைய பாணியைப் பின்பற்றினார் என்பது விளக்கமில்லாமலே விளங்கும். கிளமென்டியின் பி-ஃபிளாட் சொனாட்டா, ஓபஸ் 24 எண் 2, மோட்சார்ட்டுக்குப் பக்கத்தில் நன்றாக உட்காரும். 1781 டிசம்பர் 24 அன்று வியன்னா அரசவையில் இருவரும் மோதிய போட்டியில் வாசிக்கப்பட்டது அது. அதன் தொடக்கத்தின் சாயலை மோட்சார்ட்டின் மந்திரப் புல்லாங்குழல் ஓபராவின் முன்னிசையில் கேட்கலாம்.

நான்கு பேரின் நான்கு குட்டிப் படைப்புகளை வரிசையாக அடுக்காதீர்கள். ஒன்றும் காதில் தங்காது. மனப்பாடத்துக்கு நேரம் இல்லையா, தாளை வைத்தே வாசியுங்கள். ஆனால் பழைய பதிப்பை நம்பி உழைப்பைத் தொடங்குமுன் முதல் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெடல் குறிகளிலும் வளைகோடுகளிலும் பாதி, பின்னால் வந்த பதிப்பாசிரியர் சேர்த்தவையாக இருக்கலாம். ஒருமுறை விரலில் பதிந்த தவறைக் கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கே: பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ பதிவுக்காவது தடை போடலாமா?

ப: பாவம், அதன் முதல் எட்டு பார்தான் அளவுக்கு மீறி ஒலிக்கிறது. நடுவில், இடது கை ஒரே ‘ஏ’ சுரத்தை விடாமல் தட்ட, மேலே ஹார்மனி இருண்டுகொண்டே போகும் இடம் வரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள்?