தாய்மாமன் ரத்தமா, அம்மா செல்லமா?

கேள்வி: எனக்கு 4 வயதில் இரட்டைப் பையன்கள். ஒரே ஜாடை கிடையாது. பெரியவன் எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிறான், பொம்மை கிடைக்காவிட்டால் தம்பியைக் கடிக்கிறான். சின்னவன் பரம சாது. "அப்படியே தாய்மாமன் ரத்தம்" என்கிறார் மாமியார். "நீ கொடுக்கிற செல்லம்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி, டாக்டர்?

பதில்: உங்கள் தம்பியைப் பாவம், விட்டுவிடச் சொல்லுங்கள்!

ஒரே கருவில் இருந்து பிரிந்த இரட்டையரையும், உங்கள் பிள்ளைகளைப் போல இரு கருவில் உருவானவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முரட்டுத்தனத்தில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம். இது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் மகனின் கோபத்தில் பாதி பரம்பரை, பாதி வளர்ப்பு என்று கூறு போட முடியாது. முரட்டுத்தனத்துக்கென்று ஒற்றை மரபணுவும் இல்லை. சின்னச் சின்னப் பங்காகப் பல சேருகின்றன. உங்கள் பையன்கள் சராசரியாகப் பாதி மரபணுவைத்தான் பகிர்கிறார்கள், சாதாரண அண்ணன் தம்பி மாதிரி. ஒருவன் சாதுவாக இருப்பதில் அதிசயம் இல்லை.

கனடாவில் உளவியலாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயின் குழு பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. அடி, கடி எல்லாம் உச்சத்தில் இருப்பது 2 முதல் 4 வயதுக்குள். அப்புறம் பெரும்பாலோருக்குக் குறைகிறது. நீங்கள் இப்போது அந்த உச்சியில் நிற்கிறீர்கள்.

சிலருக்கு மட்டும் அது ஏன் குறைவதில்லை? அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு. முரட்டுப் பிள்ளை நம்மைக் கத்த வைக்கிறது, கத்தல் அதை இன்னும் முரடாக்குகிறது. 'தங்கச்சியை அடிக்காதே' என்று சொல்லிக்கொண்டே என் மகளை அடித்தவள்தான் நானும்.

சரி, என்ன செய்வது? கை ஓங்கும்போதே பிடித்து, "அடிக்கக் கூடாது" என்ற இரண்டே வார்த்தை. கடித்த பிறகு பொம்மை அவன் கைக்குப் போகவே கூடாது. இதில்தான் பல வீடுகளில் தோற்கிறோம். அவன் தம்பி அளவுக்குப் பேசுகிறானா என்று பாருங்கள். சொல்ல வார்த்தை வராத பிள்ளைக்குப் பல் முந்திக்கொள்ளும். பேச்சு பின்தங்கியிருந்தால் இப்போதே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். 6 வயதிலும் இதே அடி, இதே கடி என்றால் என்னைப் போன்ற ஒருவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.