கடவுச்சொல் சரிதான், கதவுதான் வேறு

கேள்வி: ஐயா, என் விண்டோஸ் கணினியில் டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஓடுகிறது. 5432-ஆம் போர்ட்டை (இணைப்புக்கான வாசல் எண்) திறந்திருக்கிறேன். தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் டிபீவர் மென்பொருளிலிருந்து இணைத்தால் ‘கடவுச்சொல் தவறு’ என்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, கன்டெய்னரை நான்கு முறை அழித்து உருவாக்கிவிட்டேன். உள்ளே நுழைந்து பார்த்தால் டேபிள்கள் பத்திரமாக இருக்கின்றன. வெளியிலிருந்துதான் முடியவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: ஐந்தாவது முறை அழித்துவிடாதீர்கள். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்திருந்தால் போர்ட் திறக்கவில்லை என்று பொருள். ‘கடவுச்சொல் தவறு’ என்றால் ஏதோ ஒரு போஸ்ட்கிரஸ் உங்களுக்குப் பதில் சொல்கிறது. அது உங்கள் கன்டெய்னர்தானா?

எப்போதாவது பழகிப் பார்க்க விண்டோஸிலேயே போஸ்ட்கிரஸ் நிறுவினீர்களா? கணினியைப் போட்டதும் அது பின்னணியில் ஓடும் சர்வீஸாக எழுந்து 5432-இல் உட்கார்ந்துகொள்ளும். அதே எண்ணை டாக்கரும் எடுத்துக்கொண்டு, சில சமயம் சண்டையே இல்லாதது போல் காட்டும். நான் இதில் இரண்டு மாலைப் பொழுதுகளைத் தொலைத்தவன். குற்றவாளி, நானே நிறுவி மறந்துபோன பழைய சர்வீஸ்.

சர்வீஸ் பட்டியலில் போஸ்ட்கிரஸ் தென்பட்டால் நிறுத்துங்கள். நிறுத்த மனமில்லையா? டாக்கர் ரன் கட்டளையில் போர்ட்டை 127.0.0.1:5433:5432 என்று கொடுங்கள். நடுவில் இருப்பது உங்கள் கணினியின் போர்ட், கடைசியில் இருப்பது கன்டெய்னருடையது. பலர் மாற்றிப் போட்டுவிட்டுத் திண்டாடுகிறார்கள். முன்னால், கணினி தன்னையே குறிக்கும் அந்த 127.0.0.1 முகவரி இருந்தால் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கதவு திறக்காது. டிபீவரில் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் (அதாவது உங்கள் கணினியே), போர்ட் 5433. கன்டெய்னரின் 172-இல் தொடங்கும் முகவரியைப் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். விண்டோஸில் டாக்கர் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பதால் அந்த முகவரி உங்களுக்கு எட்டாது.

இன்னொன்று. கன்டெய்னரை அழித்தும் டேபிள்கள் இருக்கின்றன என்கிறீர்களே, அப்படியென்றால் தரவு கன்டெய்னருக்கு வெளியே, வால்யூம் என்ற தனிச் சேமிப்பிடத்தில் இருக்கிறது. கட்டளையில் தரும் கடவுச்சொல்லை போஸ்ட்கிரஸ், தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் மாற்றியவை எதுவும் அதன் காதில் விழவில்லை. முதன்முதலில் வைத்ததே இன்றும் செல்லும். அது நினைவில் இல்லையென்றால், உள்ளே நுழைந்து போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவியான பீஎஸ்க்யூஎல்லில் ‘ஆல்டர் யூசர்’ கட்டளை கொடுத்து மாற்றுங்கள். உள்ளிருந்து வருபவரிடம் போஸ்ட்கிரஸ் கடவுச்சொல்லே கேட்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு உள்ளே எல்லாம் சரியாகத் தெரிந்தது.