வலிக்கு மணி பார்த்து மருந்து: வாசகர் கேள்வி – பதில்

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். மார்ஃபின் 10 மி.கி. மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தரச் சொன்னார்கள். ‘பழகிப்போய்விடும், அது கடைசி நேரத்து மருந்து’ என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவதால், வலி தாங்காதபோது மட்டும் தருகிறோம். இப்போது மூன்று நாளாக மலமும் போகவில்லை.
– வாசகி, குடியாத்தம்

வலி வந்த பிறகு கொடுப்பதுதான் இங்கே சிக்கல். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலையைத் தொடங்க அரை மணி நேரம் ஆகும். நாலு மணி நேரத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். வலிக்கட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏற வேண்டியிருக்கும். காலை 6, 10, பகல் 2, மாலை 6 என்று கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். இரவு 10 மணிக்கு இரட்டை அளவு தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம்.

இடையில் வலி கிளம்பினால் ஒரு வேளை அளவையே கூடுதலாகத் தருவது வழக்கம். எத்தனை முறை தந்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவர் அடுத்த அளவை அதை வைத்துத்தான் போடுவார். ஒரு நாளில் 60 மி.கி. போக மூன்று கூடுதல் வேளை என்றால் மொத்தம் 90. அதை ஆறால் வகுத்தால் வேளைக்கு 15 மி.கி. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

வலிக்காக, அளவோடு சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. உடல் அந்த மருந்துக்குப் பழகும் என்பது உண்மை, அதனால் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு வலி அடங்கி, மார்ஃபினையே விட்டவர்களும் உண்டு. கடைசி நேரத்து மருந்தென்றால் அப்படி நடக்காதே!

தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளிலும், குமட்டல் ஒரு வாரத்திலும் பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் தருகிறவரை மலமிளக்கியும் சேர்ந்தே ஓட வேண்டும். இரவில் பிசகோடில் 5 மி.கி. இரண்டு மாத்திரை, அல்லது சென்னா என்று பொதுவாக எழுதுவார்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் வேண்டாம், உள்ளேயே களி மாதிரி இறுகிவிடும். மூன்று நாள் ஆகிவிட்டதால் செவிலியரிடம் காட்டி ஆசனவாயில் வைக்கும் மருந்தோ எனிமாவோ கேளுங்கள். இறுகிய மலத்தின் ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும்போது, பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது, மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் குறைந்து, கை கால் வெடுக் வெடுக்கென்று துடித்து, இல்லாததை இருப்பதாகப் பேசினாலும் அப்படியே. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை என்பதன் அடையாளம் அது.

அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. சில நாள்தான் என்கிறார்கள். டிரிப்ஸ்கூடப் போடவில்லையே என்று ஊரே கேட்கிறது.
– வாசகர், ஆற்காடு

அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 129 பேரிடம் இதையே சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் உப்பு நீர், இன்னொரு பிரிவுக்கு வெறும் 100 மி.லி. சோர்வு, தூக்கக் கலக்கம், பிதற்றல் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த நிலையில் ஏற்றும் நீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கக்கூடும். வாந்தி பேதியால் நீர் வற்றிய, இன்னும் வாரக்கணக்கில் காலம் இருக்கிறவருக்கு டிரிப்ஸ் உதவும், அது வேறு கதை.

வாய் வறட்சியை டிரிப்ஸ் தீர்க்காது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, துணி சுற்றிய விரலை நனைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈறையும் நாக்கையும் துடையுங்கள். விழித்திருக்கும்போது தலையை உயர்த்தி, ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். இருமினால் நிறுத்திவிடுங்கள். ஊருக்குப் பதில் சொல்லும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

பீடி சுற்றிப் பழகிய என் கணவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா? மார்ஃபின் உதவுமா?
– வாசகி, ஆம்பூர்

முதலில் ஆக்சிஜன் அளவைப் பரிசோதியுங்கள். அது ரொம்பக் குறைவாக இருந்தால்தான் மெஷினால் பயன். அவ்வளவு குறையாத 239 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனும் இன்னொரு பிரிவுக்குச் சாதாரணக் காற்றும் குழாய் வழியே தந்து பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. மூச்சுத்திணறல் இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. மூக்கின் மேல் காற்று படுவதே சுகம் தருகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். கையில் பிடிக்கும் பேட்டரி விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மூக்கு, மேலுதடு, கன்னம் என்று படும்படி பிடித்துப் பாருங்கள். மேஜையில் தலையணை போட்டு முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு எளிதாகும். மெஷின் தேவைப்பட்டாலும் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்த நோயில் ஆக்சிஜன் அதிகமானால் கரியமில வாயு உடலில் தேங்கி மயக்கம் வரும்.

2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, இதே நோயுள்ள 156 பேரிடம், குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலின் உச்சத்தைக் குறைக்கவில்லை என்று காட்டியது. ஆகவே முதல் தேர்வாக வேண்டாம். மற்றதெல்லாம் செய்தும் அடங்காதபோது நிபுணர் பார்த்து முடிவு செய்யட்டும்.

கோடையில் ஃபென்டனில் பிளாஸ்டர் (தோல் வழியே வலி மருந்தை உள்ளே செலுத்தும் ஒட்டு) வியர்வையில் கழன்றுவிடுகிறது. மேலே டேப் ஒட்டலாமா?
– செவிலியர், காட்பாடி

விளிம்பில் மட்டும் ஒட்டலாம். ஒட்டும் இடத்தில் சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். வெறும் நீரால் துடைத்து நன்றாக உலரவிட்டு, உள்ளங்கையால் 30 வினாடி அழுத்துங்கள். முடியைச் சவரம் செய்யாமல் கத்தரியால் வெட்டுங்கள்.

நம் ஊர் வெயிலில் கவலைப்பட வேண்டியது கழன்று விழுவதை விட வேறொன்று. சூடு கூடினால் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல், வெந்நீர் ஒத்தடம், தகர ஷீட் வீட்டின் பகல் அனல் எல்லாமே ஆபத்து. அளவுக்கு மீறித் தூங்குகிறாரா, மூச்சு மெதுவாகிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். 72 மணி நேரம் கழித்து எடுத்த பிளாஸ்டரிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

ஜவ்வாது மலையிலிருந்து மாதா மாதம் வேலூர் வந்து போக முடியவில்லை. வீடியோவில் பார்த்தால் போதாதா?
– வாசகர், ஆலங்காயம்

பெரும்பாலும் போதும். அமெரிக்காவில் 22 புற்றுநோய் மையங்களில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 1,250 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், நேரில் ஆதரவுச் சிகிச்சை (வலி, மூச்சுத்திணறல் போன்ற துன்பங்களைத் தணிக்கும் சிகிச்சை) பெற்றவர்களின் வாழ்க்கைத் தரமும் வீடியோவில் பெற்றவர்களுடையதும் சமமாகவே இருந்தன. ஆனால் வீடியோவில் வீட்டார் உடன் உட்கார்வது குறைந்துபோனது. மருந்து தருகிறவர் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

ஒரே ஒரு தடை: 2020 தொலைமருத்துவ விதிகளின்படி மார்ஃபினை வீடியோவில் பார்த்து எழுதித்தர முடியாது. நேரில் வரும் நாளை மாத்திரை தீரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பஸ் நின்றுபோனாலும் கையில் மருந்து இருக்கும்.