பாதுகாக்கக் கொடுத்த ஓலைச்சுவடிகளைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா சித்த வைத்தியர். அவர் விட்டுப்போன 42 ஓலைச்சுவடிக் கட்டுகளை, பண்பாட்டுச் சேகரிப்புகளைப் பாதுகாக்கும் ஒரு பொது அறக்கட்டளையிடம் 1998-ல் அப்பா கொடுத்தார். 'பாதுகாப்பிற்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று அவர்கள் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் மட்டும் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அறக்கட்டளை கட்டடத்தை விற்கப்போகிறது என்று கேள்விப்பட்டுப் போன மாதம் நேரில் போய்க் கேட்டேன். 'அது நன்கொடை, திருப்பித் தர முடியாது' என்கிறார்கள். என்ன செய்யலாம்? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பாதிக் கட்டுகளைத் தன்னோடு கொண்டுபோக ஆசைப்படுகிறார்.

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், கையெழுத்தையும் மையையும் சோதிக்க வேண்டி வந்தால் அது பெரிய இடைஞ்சல். உங்கள் வழக்கே அதில் உள்ள 'பாதுகாப்பிற்காக' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

அசையும் பொருளைக் கொடையாகக் கொடுக்கப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. கொடுக்கும் எண்ணத்தோடு கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 123. அப்படிக் கொடுத்து, அவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தால், மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திரும்பக் கேட்க முடியாது. அறக்கட்டளை இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாதுகாக்கக் கொடுத்தது கொடை ஆகாது. அது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148 சொல்லும் ஒப்படைப்பு. பொருள் அவர்களிடம் இருந்தாலும் உரிமை உங்கள் குடும்பத்துடையதே. கூலி வாங்காமல் வைத்திருந்தார்கள் என்றால், ஒப்படைத்தவர் இறந்ததும் அந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது என்று பிரிவு 162 சொல்கிறது. அப்பாவின் வாரிசுகள் திரும்பக் கேட்கலாம்.

கடிதம் மட்டும் போதுமா? வலுவான சான்றுதான், ஆனாலும் துணைக்கு இன்னும் தேடுங்கள். இத்தகைய நிறுவனங்களில் வரவுப் பதிவேடு இருக்கும். உங்கள் 42 கட்டுகளுக்கு நேரே 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறதா, 'பாதுகாப்பு' என்றா? நகல் கேளுங்கள். கண்காட்சியில் வைத்தபோது பெயர்ச்சீட்டில் உங்கள் குடும்பத்தை உரிமையாளராகக் காட்டியிருந்தால் அதன் படம், அப்பா எழுதிய பழைய கடிதங்கள், எதையும் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது காலக்கெடு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒப்படைத்த பொருளை மீட்க, நாம் கேட்டு அவர்கள் மறுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்று 1963-ம் ஆண்டின் காலவரைச் சட்டம், இனம் 70 வரையறுக்கிறது. 1998-ல் கொடுத்ததால் உரிமை போய்விடவில்லை. ஆனால் போன மாதம் வாய்மொழியாக மறுத்ததையே மறுப்பாக எடுத்துக்கொள்ள முடியும். அந்த நாளிலிருந்தே கணக்குப் பாருங்கள். உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், வாரிசுகள் எல்லோர் பெயரிலும். அண்ணனை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கேட்டால், உங்கள் குடும்பப் பாகப்பிரச்சினையை அவர்கள் சாக்காகச் சொல்வார்கள்.

கட்டடத்தை விற்பது அவர்கள் பாடு. ஆனால் சாமான்களோடு சேர்ந்து சுவடிகளும் கைமாறும் ஆபத்து உண்மையானது. அதனால் வழக்குப் போடும்போதே, சுவடிகளை இடம் மாற்றவோ விற்கவோ கூடாது என்று தற்காலிகத் தடையாணையும், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் போய்ப் பட்டியல் எடுக்க உத்தரவும் கேளுங்கள். ஒவ்வொரு கட்டையும் பிரித்து ஏடுகளை எண்ணி, பூச்சி அரித்தவை எத்தனை, கயிறு அறுந்தவை எத்தனை என்று குறிக்க வேண்டும். வெறும் '42 கட்டு' என்று எழுதினால் உள்ளே பாதி ஏடு காணாமல் போனாலும் தெரியாது.

ஒருவேளை நீதிமன்றம் இதைக் கொடை என்றே முடிவுசெய்தாலும் கதவு மூடிவிடாது. பொது அறக்கட்டளையின் சொத்தை அறங்காவலர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. நோக்கத்தை மீறினால், அதில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 92-ன் கீழ் வழக்குத் தொடுக்கலாம். அப்போது சுவடிகள் உங்களிடம் வராது; ஆனால் அதே நோக்கமுள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்படி கேட்க முடியும்.

அண்ணனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கொண்டுபோக முடியாது. இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் படிகள் 75 ஆண்டுகளைத் தாண்டினால் தொல்பொருள் என்கிறது 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். தனியாள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஏடுகளில் சித்திரம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சித்திரச் சுவடி என்றால் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவுசெய்ய வேண்டும். அண்ணனுக்குச் சுவடிகளை ஸ்கேன் செய்து மின்படி எடுத்து அனுப்புங்கள். படிக்க அது தாராளமாகப் போதும்.

அப்புறம், சுவடிகள் கைக்கு வந்ததும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். புல்தைலம் தடவிப் பராமரிக்காத ஏடு ஒரு மழைக்காலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 1869 முதல் இயங்கும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்தில் மறுபடி ஒப்படைப்பதைத் தாராளமாக யோசிக்கலாம். இந்த முறை எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு, கேட்டால் எத்தனை நாளில் திருப்ப வேண்டும், மின்படியை யார் பயன்படுத்தலாம், நிறுவனம் மூடப்பட்டால் சுவடிகள் யாரிடம் போக வேண்டும்.