முதல் அலாட்மென்ட்: மூன்று சென்ட் போதும், அதிலும் பெரும்பகுதியை மூடி வையுங்கள்

தம்பி, திருமங்கலத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆவதற்குள் அலாட்மென்ட், அதாவது காய்கறி பயிரிட உள்ளூர் கவுன்சில் ஒதுக்கும் சிறு நிலம் ஒன்று கிடைத்திருக்கிறது என்றும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவதால் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது என்றும், ஏற்கலாமா விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். மக்கள் பயிரிட நிலம் ஒதுக்குவது உள்ளூர் கவுன்சிலின் கடமை என்று 1908ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னாலும், பல ஊர்களில் அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

விடுமுறைக்கு வந்த நான் இதைச் சோழவந்தானில், எங்கள் கொடிக்கால் வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் நாள் தவறாமல் விடியற்காலையில் வந்து வெற்றிலை கிள்ளுகிறார். தினமும் வருகிறவர் செய்யும் வெள்ளாமையை வாரம் இரண்டு முறை வருகிறவர் செய்ய முயலக் கூடாது என்பதுதான் இங்கிலாந்தில் பதினான்கு ஆண்டுகளில் நான் கற்றது.

முழு நிலம் என்பது சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று மேல். பாதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். நான் முழுவதையும் வாங்கி, ஒரே நாளில் ரோட்டவேட்டர் விட்டு உழுதேன். பைண்ட்வீட் என்னும் கொடிக்களையின் வேர் இடியாப்ப இழை போல வெள்ளையாக இருக்கும், இழுத்தால் மளுக்கென்று ஒடியும், ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாக முளைக்கும். நம் ஊரில் கோரைக்கிழங்கோடு போராடியவர்களுக்கு இது புரியும். மூன்று வாரத்தில் நிலம் முழுவதும் பச்சையாகிவிட்டது. அந்த ஆண்டு களை பறித்ததைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆகவே கால் பங்கை மட்டும் கார்டன் ஃபோர்க் என்னும் முள் மண்வெட்டியால் கிளறி, வேரைக் கையால் பொறுக்கி எடுங்கள். மீதியில், ஒட்டுநாடா உரித்த அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே கறுப்பு விரிப்புப் போட்டு, செங்கல் வைத்து அடுத்த ஆண்டு வரை விட்டுவிடுங்கள். மூடிய பகுதியும் பயிர்செய்ததாகக் கணக்கில் சேருமா என்று கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்; தரிசாகக் கிடந்தால் நோட்டீஸ் வரும்.

அடுத்தது பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதைத்துப் பழகிய நமக்கு இது கடினம், ஏனென்றால் அங்கே ஆடி அறுவடை மாதம். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை நாட்களிலும் அங்கே இரவில் உறைபனி விழக்கூடும். பீன்ஸ், பூசணி வகைகளை வைகாசி பிறந்த பிறகே வெளியில் நடுங்கள். ஊர் நினைவில் இந்தியக் கடையில் வாங்கிய அவரையை நட்டேன். கோடை முழுவதும் பந்தல் நிறையப் படர்ந்தது, ஒரு பூ இல்லை. பகல் குறைந்தால்தான் அந்த வகை அவரை பூக்கும். அங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். செப்டம்பர் முடிவில் பூத்தது, அடுத்த மாதமே பனியில் கருகியது. அதற்குப் பதில் ரன்னர் பீன்ஸ் என்னும் கொடி பீன்ஸ் போடுங்கள். பொரியலுக்கு நன்றாக இருக்கும், பறிக்கப் பறிக்கக் காய்க்கும்.

உங்கள் நேரத்துக்கு ஏற்றவை உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், ரன்னர் பீன்ஸ், இரண்டே இரண்டு கூர்ஜெட் (பூசணி இனத்துப் பிஞ்சுக்காய்) செடி. கூர்ஜெட்டில் கூட்டு வைக்கலாம். இரண்டுக்கு மேல் நட்டால் தின்று தீராது. வெந்தயக்கீரையை ஒரு வரிசை தூவுங்கள். பூண்டை ஐப்பசியில் ஊன்றினால் குளிர்காலம் முழுவதும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெளியில் வைக்கும் தக்காளி ஈரக் கோடையில் கருகல் நோயால் ஒரே வாரத்தில் போய்விடும் என்பதால் முதல் ஆண்டு வேண்டாம். மிளகாயை இப்போதே வீட்டுக்குள் விதைத்து, ஜன்னலோரத் தொட்டியிலேயே வளருங்கள். ஊரிலிருந்து விதை வரவழைக்கத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அங்கேயே வாங்குவது எளிது.

வார நாளில் ஒரு மாலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் போதும். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், வேலை முடிந்து போகலாம். பக்கத்து நிலத்துப் பெரியவர்களிடம் பேசுங்கள். தண்ணீர்த் தொட்டி எப்போது காலியாகும், நத்தை எந்த மூலையில் அதிகம் என்பதை அவர்களைப் போல யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது மாசி. விதை உருளைக்கிழங்கு வாங்கி, முட்டை அட்டையில் கண் மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சம் படும் குளிர்ந்த ஜன்னலோரம் வையுங்கள். முளை விரல்நுனி அளவு வந்து, பங்குனி பாதி கடந்ததும் நடலாம். அதற்குள் அந்தக் கால் பங்கைக் கிளறி முடித்திருப்பீர்கள்.